தாழ்ப்பாளா, தாப்பாவா? கண்டுபிடிக்கச் சொல் கொடுப்பதன் சூட்சுமம்

பெரம்பூரில் எங்கள் குடியிருப்பில், மழை நாளில் கரண்ட் போனால் ஒரு பிஸ்கட் டப்பா வெளியே வரும். உள்ளே பிஸ்கட் கிடையாது, மடித்த சீட்டுகள்தான். ஒருவர் சீட்டை எடுத்துத் தனக்குள் படித்துவிட்டுக் குறிப்புக் கொடுப்பார், மற்றவர்கள் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். சீட்டு எழுதும் வேலை பல வருடமாக என் தலையில். போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, மாடிப்படியில் மெழுகுவத்தி வைத்துச் சுற்றி இரண்டு அணியாக உட்கார்ந்திருந்தோம். அக்கா ஒரு சீட்டை எடுத்தாள்.

“ராத்திரி கடைசியா போடறது, காலையில முதல்ல எடுக்கறது.”

“கொசுவலை!” என்றது எதிரணி. பெரம்பூரில் வேறென்ன தோன்றும்? அத்தை “பாய்” என்றார். “பாயை எடுக்கறதுக்கு முன்னாடி எழுந்திருக்கணுமே அத்தை” என்று யாரோ மடக்கினார்கள். அக்கா கையால் ஏதோ இழுத்துக் காட்டினாள். அவள் பையன் கத்தினான்: “தாப்பா!”

“கரெக்ட்!” என்று அக்கா சீட்டைக் கீழே போட்டாள். எதிரணி அதை எடுத்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்தது. சீட்டில் இருந்தது ‘தாழ்ப்பாள்’. “இதுல தாப்பான்னு எங்க இருக்கு?” என்று ஆரம்பித்த வழக்கு, கரண்ட் வந்து எல்லோரும் எழுந்து போன பிறகும் முடியவில்லை.

அந்த ஒரு சீட்டில் இந்த விளையாட்டின் அத்தனை சங்கதியும் அடங்கியிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். சொல் அருமையான சொல். எல்லா வீட்டிலும் இருக்கிறது, எல்லோர் கையும் தினம் அதைத் தொடுகிறது, ஆனால் ஒரு பொருள் சொல்லு என்றால் யார் வாயிலும் முதலில் வராது. குறிப்பு சொதப்பல்: அது கொசுவலைக்குத்தான் இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது. தீர்ப்பு சிக்கல்: நாம் பேசுவது ஒன்று, எழுதுவது வேறொன்று.

ஆரம்பத்தில் நானும் எல்லோரும் செய்யும் தப்பைச் செய்தேன். ‘கஷ்டமான சொல்’ என்றால் யாருக்கும் தெரியாத சொல் என்று நினைத்துக்கொண்டு அகராதியின் மூலை முடுக்கெல்லாம் துழாவினேன். ஒரு முறை ‘ஞிமிறு’ என்று எழுதிப் போட்டேன். வண்டு என்று பொருள், சங்கப் பாடல்களில் வரும். சீட்டை எடுத்தவருக்கே அது என்னவென்று தெரியவில்லை. என்னிடம் வந்து காதோடு கேட்டுக்கொண்டு போய்க் குறிப்புக் கொடுத்தார். எல்லோரும் வண்டு, தேனீ, தும்பி என்று அடுக்கி ஓய்ந்த பிறகு விடையைச் சொன்னபோது ஒருவர் முகத்திலும் ஒன்றும் அசையவில்லை. “அப்படின்னா?” என்றார்கள். நான் பொருள் சொன்னேன். “ஓ” என்றார்கள். விளையாட்டு அந்த இடத்திலேயே படுத்துவிட்டது.

விடை வெளியே வந்ததும் எழ வேண்டிய சத்தம் “சே, இதுவா!” என்பது. தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். கஷ்டம் போகிற வழியில் இருக்கலாம், போய்ச் சேருகிற இடம் தெரிந்த இடமாக இருக்க வேண்டும். நம் விடுகதைகளைப் பார்த்தால் இது புரியும். ‘ஓடுவான், சாடுவான், ஒற்றைக்காலில் நிற்பான்’ என்பதற்கு விடை கதவு. ‘அம்மா படுத்திருப்பாள், மகள் ஓடித் திரிவாள்’ என்பதற்கு அம்மியும் குழவியும். தேங்காய், வெங்காயம், நிழல் என்று விடையெல்லாம் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவிலேயே கிடக்கும். வேஷம் முழுக்கக் குறிப்பில்தான். தொல்காப்பியம் விடுகதையைப் ‘பிசி’ என்று சொல்லி இரண்டாகப் பிரிக்கிறது: உவமையால் மறைத்துச் சொல்வது ஒன்று, அடையாளங்களை நேராகச் சொல்லியே மறைப்பது இன்னொன்று. அக்காவின் தாழ்ப்பாள் குறிப்பு இரண்டாவது வகை. அந்த வகையில் சொல்லுகிற அடையாளம் இன்னொரு பொருளுக்கும் பொருந்திவிடும் ஆபத்து எப்போதும் உண்டு.

மறைந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஊகித்துக் கண்டுபிடிக்கும், உலகம் முழுக்கப் பரவிய வேர்டில் விளையாட்டின் கதையிலும் இதே பாடம் இருக்கிறது. ஜாஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர் தன் துணைவி பாலக் ஷாவுக்காக உருவாக்கியது அது. 2021 அக்டோபரில் பொதுவெளிக்கு வந்தது, 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை விலைக்கு வாங்கியது. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000 கைவசம் இருந்தன. அத்தனையையும் விடையாக வைக்கலாம் என்று அவர்கள் நினைக்கவில்லை. பாலக் ஷா உட்கார்ந்து அந்தப் பட்டியலைச் சுமார் 2,500 சொற்களாகச் சுருக்கினார். ஐந்தில் நான்கு பங்கு வெளியே போயிற்று. போன சொற்கள் ஒரேயடியாகப் போய்விடவும் இல்லை. விளையாடுபவர் அவற்றை ஊகமாகப் போட்டுப் பார்க்கலாம், விளையாட்டு ஏற்றுக்கொள்ளும், விடையாக மட்டும் வராது. கேட்கும் பட்டியல் வேறு, ஏற்கும் பட்டியல் வேறு என்ற இந்த ஏற்பாடுதான் அந்த விளையாட்டின் பாதி வெற்றி என்பது என் எண்ணம். வீட்டு விளையாட்டிலும் இதைச் செய்யலாம். ‘ஞிமிறு’ என்று ஒரு தமிழாசிரியர் ஊகம் சொன்னால் தலைவணங்கி ஏற்றுக்கொள்ளலாம். சீட்டில் எழுதி மற்றவர்களை வதைக்க வேண்டாம்.

சொல் அரிதாக இருந்தால் கண்டுபிடிப்பது கடினம் என்ற நினைப்பைக் கணக்குப் போட்டும் உடைக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்தது, பின்னிணைப்பும் உண்டு. வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்த பெருவேலை. அதில் லட்சத்துக்கு மேல் தலைச்சொற்கள் இருக்கின்றன. அதில் ஏதாவது ஒரு சொல்லை நீங்கள் மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று மட்டும் பதில் சொன்னால் போதும். “அகராதியின் முதல் பாதியில் இருக்கிறதா?” என்று கேட்பேன். அடுத்து அந்தப் பாதியில் பாதி, பிறகு அதில் பாதி. 17 கேள்விகளில் 1,31,072 சொற்கள் வரை சலித்துவிடலாம், பேரகராதி முழுக்க அதற்குள் அடக்கம். 20 கேள்வி கொடுத்தால் 10,48,576. இந்த முறையில் ஞிமிறும் 17-இல் மாட்டும், இட்லியும் 17-இல் மாட்டும். அரிய சொல்லுக்கு ஒரு சலுகையும் கிடையாது. ஆக, அரிய சொல் தோற்கடிப்பது எதிரே உட்கார்ந்திருக்கும் அத்தையைத்தான், கணக்கை அல்ல.

அப்படியென்றால் எது கடினம்? ஒரு குறிப்பைச் சொன்னதும் மனதில் எத்தனை சொற்கள் மிஞ்சுகின்றன என்பதுதான். ‘மாம்பழம்’ என்று சீட்டு எழுதினால், குறிப்புக் கொடுப்பவர் ‘முக்கனி’ என்பார், மூன்றே மூன்று மிஞ்சும். ‘புதன்’ என்றால் ‘கிழமை’ என்பார், ஏழு மிஞ்சும். ‘துவர்ப்பு’ என்றால் ‘சுவை’, ஆறு. தமிழில் இப்படி எண் போட்டுக் கட்டிய பட்டியல்கள் ஏராளம்: அறுசுவை, ஐந்திணை, எண்திசை, நவதானியம். இவற்றுக்குள் இருக்கும் சொல், சுவர் எழுப்பிய தோட்டத்தில் ஒளிந்துகொள்வதைப் போல. உள்ளே எங்கே இருக்கிறது என்று தேடினால் போதும், ஊரெல்லாம் அலைய வேண்டாம். தாழ்ப்பாள் எந்தத் தொகையிலும் சேராது. குடை, ஊக்கு, தும்மல், பொறாமை, கடன், தூக்கம், மிச்சம் ஆகியவையும் சேராது. நல்ல சீட்டுகள் இப்படி வெளியே திரியும் சொற்களில்தான் கிடைக்கின்றன.

எழுத்தை வைத்து ஆடும்போது

கரும்பலகையில் கோடு போட்டு எழுத்தெழுத்தாகக் கேட்டு, தப்பு கூடக் கூடப் பொம்மையைத் தூக்கில் ஏற்றும் ஹேங்மேன் விளையாட்டிலும், வேர்டில் போலக் கட்டம் நிரப்பி நிறம் பார்க்கும் விளையாட்டிலும் தேர்வு முறையே வேறு. ஆங்கிலத்துக்குச் சொன்ன வழியைத் தமிழுக்கு அப்படியே போட்டால் தடுக்கி விழுவோம்.

அங்கே 26 எழுத்து, இங்கே 247. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை ஐந்து கட்டத்தில் அடுக்கினால் 1,18,81,376 விதம். தமிழின் 247-ஐ மூன்றே கட்டத்தில் அடுக்கினால் 1,50,69,223 விதம். நம் மூன்றெழுத்துச் சொல் காகிதக் கணக்கில் அவர்களுடைய ஐந்தெழுத்துச் சொல்லைவிடப் பெரிய காடு. அதனால் ‘கி இருக்கா, கீ இருக்கா, கு இருக்கா’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டு முடித்துவிடுவார்கள். எங்கள் வீட்டு விதி: முதலில் வரிசையைக் கேட்கலாம். “க வரிசை இருக்கா?” இருந்தால் இடத்தைக் காட்ட வேண்டும், காலா கொம்பா சுழியா என்பது அடுத்த கேள்வி. 18 மெய் வரிசை, 12 உயிர் என்று வந்துவிட்டால் கைக்கு அடங்கிவிடுகிறது.

காகிதத்தில் காடாக இருந்தாலும், உண்மையில் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகக் கைபிடித்து நடப்பவை. எந்த மெய்க்குப் பின்னால் எந்த எழுத்து வரும் என்று சொல்லும் விதிகளை, இலக்கணப் புத்தகத்தில் மெய்ம்மயக்கம் என்று பள்ளியில் உருப்போட்டோமே, அது இந்த விளையாட்டுக்காகவே எழுதியது போல இருக்கும். ‘ங்’ வந்தால் அடுத்தது க வரிசை. ‘அங்ஙனம்’ போன்ற ஒன்றிரண்டு மட்டும் விலக்கு. ‘ந்’ வந்தால் பெரும்பாலும் த. ‘ஞ்’ வந்தால் பெரும்பாலும் ச. ‘ட்’ வந்தால் ட, க, ச, ப என்ற நான்கில் ஒன்று: பட்டு, வெட்கம், காட்சி, நட்பு. ‘ற்’ வந்தால் ற, க, ச, ப: வெற்றி, கற்கண்டு, பயிற்சி, கற்பனை. க், ச், த், ப் நான்கும் தன் இனத்தோடு மட்டும்தான் நிற்கும். தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கிளாட் ஷானன் 1951-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆங்கில வாக்கியத்தை மறைத்துவைத்து, அடுத்த எழுத்து என்ன என்று ஆட்களை ஊகிக்கச் சொன்ன சோதனை. சொல்லின் தொடக்கத்திலும் அசையின் தொடக்கத்திலும்தான் அதிகம் தடுமாறினார்கள், உள்ளே போகப் போக எழுத்துகள் தாமாகவே வாயில் வந்தன. நம் ‘ங்’குக்கு அடுத்த எழுத்துக்குத் தடுமாற்றமே கிடையாது.

ஆகவே வெங்காயம் எழுத்து விளையாட்டுக்கு ஏமாற்றம் தரும் சொல். ஐந்து எழுத்து. ‘ங்’ மாட்டியதும் ‘கா’வின் வாசல் திறந்துவிடும். கடைசி ‘ம்’மை எல்லோரும் முதல் ஊகத்திலேயே வைத்துவிடுவார்கள், மரம், பணம், நேரம், பக்கம் என்று பாதிப் பெயர்ச்சொற்கள் அப்படித்தானே முடிகின்றன? சுண்டல், பம்பரம், மஞ்சள் எல்லாம் இதே கதை. அதுவே குறிப்புச் சொல்லி ஆடும் விளையாட்டில் வெங்காயம் பிரமாதமான சீட்டு: உரிப்பது, அழுவது, விலை ஏறுவது, திட்டுவது என்று எத்தனை திசை!

இன்னொரு பள்ளம், எதிர்ப்பக்கத்தில். சில சொற்கள் கண்டுபிடிக்கவே முடியாதவை, காரணம் அவற்றுக்கு உறவுக்காரர்கள் அதிகம். இரண்டு கட்டம், கடைசியில் ‘லை’ தெரிந்துவிட்டது என்று வையுங்கள். தலை, மலை, வலை, கலை, அலை, இலை, உலை, சிலை, விலை, நிலை, கொலை. நெடிலுக்குப் போனால் வேலை, சேலை, சாலை, மாலை, பாலை, காலை, ஓலை, ஆலை. யோசிக்காமலே பத்தொன்பது. இதில் புத்திக்கு வேலை கிடையாது, குலுக்கல்தான். ‘ப’வும் ‘ம்’மும் தெரிந்து நடுவில் ஒரு கட்டம் காலி என்றால் படம், பணம், பயம், பழம், பலம், பதம். கவிஞர்களுக்கு இந்த எதுகையும் இயைபும் வரம், சீட்டு எழுதுபவருக்குச் சாபம். எனக்கு ஒரு சின்ன வழக்கம் உண்டு: சொல்லை எழுதியதும் ஓர் எழுத்தை விரலால் மறைத்துப் பார்ப்பேன். அந்த இடத்தில் மூன்றுக்கு மேல் சொற்கள் பொருந்தினால் சீட்டைக் கிழித்துவிடுவேன்.

இந்தச் சோதனையில் தாழ்ப்பாள் மறுபடியும் ஜெயிக்கிறது. தா, ழ், ப், பா, ள். ‘ம்’மில் முடியவில்லை. ‘ழ்’ஐப் பிடித்தவருக்கு அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வரும் என்று தோன்றாது. ய், ர், ழ் மூன்றுக்கும் பின்னால் மட்டும்தான் இரண்டு ஒற்று சேர்ந்து நிற்க இலக்கணம் இடம் கொடுக்கிறது. வாழ்க்கை, வாய்க்கால், சர்க்கரை, சேர்க்கை எல்லாம் அந்தச் சலுகையில் வாழும் சொற்கள். நாலு பேர் முட்டி மோதுவார்கள், விடை வந்ததும் எல்லோரும் வாசல் கதவைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

முதல் எழுத்தும் நிறையக் காட்டிக்கொடுக்கும். ட, ர, ல, ண, ன, ள, ழ, ற எட்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பது பழைய விதி. டப்பா, லாரி, ரயில், ரவை, லட்டு என்று நாம் பேசுவதெல்லாம் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை. ஆகவே முதல் கட்டத்தில் ‘ட’ என்று தெரிந்தால், விவரமானவர்கள் தமிழ் வேர்களை அப்படியே ஒதுக்கிவிட்டு வந்த சொற்களின் பக்கம் போய்விடுவார்கள்.

எழுத்துக்கூட்டல் தகராறு தனி. 2022 ஜனவரியில் வேர்டிலின் விடையாக ‘ஃபேவர்’ என்ற சொல் அமெரிக்க வழக்கப்படி ஐந்தெழுத்தில் வந்தது. அதை ஆறெழுத்தில் எழுதிப் பழகிய பிரிட்டிஷ்காரர்கள் கொதித்துப்போனார்கள். நமக்குக் கொதிக்க இன்னும் நிறையக் காரணம் இருக்கிறது. கோயிலா கோவிலா? பவளமா பவழமா? கருப்பா கறுப்பா? உளுந்தா உழுந்தா? எல்லாவற்றுக்கும் சிகரம் என் பிரியமான வௌவால். ‘வௌ’ என்ற ஔகார எழுத்தோடு எழுதினால் வௌ, வா, ல் என்று மூன்றெழுத்து. ‘வவ்வால்’ என்று எழுதினால் நான்கு. கைப்பேசியில் அவசரத்தில் ‘வெ’யும் ‘ள’வும் தனித்தனியாகத் தட்டிவிட்டால் கண்ணுக்கு ஏறக்குறைய அப்படியேதான் தெரியும், கட்டமோ நான்காகிவிடும். நான் அதை ஒரே ஒரு தடவை எழுத்து விளையாட்டில் போட்டேன். அதற்கப்புறம் போடவில்லை.

(கணினியில் இந்த விளையாட்டை எழுத முனைபவர்கள் முதல் நாளே இடறுவதும் எண்ணிக்கையில்தான். ‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து. யுனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து துண்டு. துண்டை எண்ணினால் கட்டம் ஐந்து விழும்.)

வாயால் சொல்லி ஆடும்போது

சொல்லி ஆடும் விளையாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது இரண்டு மூன்று பொருள் உள்ள சின்னச் சொற்கள். ஆறு, மாலை, நகை, ஓடு, அடி, திங்கள், படி. எல்லோருக்கும் எல்லாப் பொருளும் தெரியும், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் மனதில் விளக்கெரியும். குறிப்புக் கொடுப்பவர் எந்தக் கதவைத் திறக்கிறார் என்பதில்தான் சுவாரசியம்.

ஒரு முறை அத்தையின் தோழி ‘படி’ என்ற சீட்டை எடுத்தார். அத்தையைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார்: “அறுபத்தேழு.” அத்தை அரை வினாடி கூட எடுக்கவில்லை, “படி!” என்றார். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. “எந்த மாடிப்படி பாட்டி, அறுபத்தேழுல கட்டினதா?” 1967 தேர்தலில் ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்று தி.மு.க. கொடுத்த வாக்குறுதியை அந்த இரண்டு பேரும் சிறுமிகளாகத் தெருவில் கேட்டு வளர்ந்தவர்கள். அரிசியைப் படியால் அளந்த காலம். அதே சீட்டு அக்கா பையனிடம் போயிருந்தால் “அம்மா தினமும் என்னைப் பார்த்துச் சொல்றது” என்றிருப்பான், அதுவும் உடனே பலித்திருக்கும். ஒரே சொல், இரண்டு தலைமுறை, இரண்டு சாவி. இப்படிப்பட்ட சொல் கிடைத்தால் புதையல்.

எல்லாச் சொல்லும் அப்படி இருக்காது. முறம், உலக்கை, ஆட்டுக்கல் என்று எழுதினால் பிள்ளைகள் விழிக்கும். சில புதுச் சொற்களுக்குப் பெரியவர்கள் விழிப்பார்கள் என்று பயந்தேன், அதில் பாதி வீண் பயம். ‘ஓடிபி’ எல்லா அத்தைகளுக்கும் தெரியும், சிலிண்டர் கொண்டுவருபவர் வாசலில் நின்று அதைத்தானே கேட்கிறார். எழுதிய சொல்லை மனதுக்குள் மூன்று பேரிடம் காட்டிப் பார்ப்பேன்: எழுபது வயது அத்தை, நாற்பது வயது பக்கத்து வீட்டுக்காரர், ஆங்கில வழியில் ஏழாம் வகுப்பு படிக்கும் பெண். மூன்று பேரும் தலையாட்டினால்தான் டப்பாவுக்குள் போகும்.

ஒரு விலக்கு வைத்திருக்கிறேன். சொல் தெரியாவிட்டாலும் துண்டுகள் தெரிந்தால் போதும். ‘முறைவாசல்’ அப்படி ஒன்று. ஒண்டுக்குடித்தனங்களில் பல குடும்பங்களுக்கும் ஒரே வாசல், இன்று யார் பெருக்கித் தெளித்துக் கோலம் போட வேண்டும் என்று முறை வைத்துக்கொள்வார்கள். சென்னையில் அந்த மாதிரி வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லோடு நூறு சண்டைகள் ஞாபகம் வரும். அடுக்குமாடியில் பிறந்த பிள்ளைக்குத் தெரியாது. ஆனால் ‘முறை’யை ஒரு குறிப்பாலும் ‘வாசலை’ இன்னொரு குறிப்பாலும் பிடித்துவிட்டால், இரண்டையும் ஒட்டிச் சொல்லிப் பார்த்து, “அப்படி ஒரு வார்த்தை இருக்கா?” என்று கேட்பாள். இருக்கிறது என்று சொல்லும்போது அந்த முகம் ஞிமிறு நாளில் நான் பார்த்த முகமாக இருக்காது.

வந்த சொற்களை ஏற்கலாமா என்ற சண்டை அடிக்கடி வரும். ஒரு பெரியவர் ‘தூய தமிழ்ச் சொற்கள் மட்டும்’ என்று விதி போடச் சொன்னார். ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாம் போர்த்துக்கீசியக் கப்பலில் வந்தவை, எடுத்துவிடலாமா என்று கேட்டேன், அமைதியாகிவிட்டார். மெட்ராஸ் பேச்சின் உஷார், பேஜார், நாஸ்தா எல்லாம் உருது வழியாக வந்தவை. இந்தச் சொற்களுக்கு ஒரு தனிச் சுவை உண்டு: தினமும் காதில் விழும், யாரும் எழுதிப் பார்த்திருக்க மாட்டார்கள். “பேஜார்” என்ற விடை வந்ததும் கூட்டம் சிரிக்கும், அந்தச் சிரிப்புக்காகவே போடலாம். ஆனால் எழுத்து விளையாட்டில் வந்த சொல் வேண்டவே வேண்டாம். காபியா, காப்பியா, காஃபியா என்று தீர்ப்புச் சொல்வதற்குள் காபி ஆறிவிடும்.

சில சொற்களை எங்கேயும் போடுவதில்லை. வேற்றுமை உருபும் ‘கள்’ளும் ஒட்டிய வடிவங்கள் வேண்டாம். ‘மரங்கள்’ என்று எழுதிவிட்டு, ‘மரம்’ என்றவருக்கு மார்க்கு இல்லை என்றால் அடிதான் விழும். வேர்டிலிலும் சும்மா பன்மை விகுதி ஒட்டிய சொற்களை விடையாக வைப்பதில்லை. சாதி வாடை அடிக்கும் சொற்கள், உடல் குறையைக் கேலி செய்யும் சொற்கள் என் டப்பாவுக்குள் நுழைவதில்லை. ‘அகோரா’ போன்ற அதிகம் புழங்காத சொற்களையும், மனதைப் புண்படுத்தும் சில சொற்களையும் நியூயார்க் டைம்ஸ் 2022-இல் தன் பட்டியலிலிருந்து எடுத்தது. கலந்து வாழும் குடியிருப்பில் சீட்டு எழுதுபவருக்கும் அதே கத்தரிக்கோல் தேவை.

சொற்களை எங்கே தேடுவது என்று கேட்பவர்களுக்கு: பேரகராதியை மூடிவைத்துவிட்டு, சென்னை க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதியைத் திறங்கள். முதல் பதிப்பு 1992-இல் வந்தது, மூன்றாவது 2020-இல். இன்று புழங்கும் சொற்களை எடுத்து, வாக்கியத்தில் வைத்துக் காட்டும் அகராதி அது. அந்த எடுத்துக்காட்டு வாக்கியங்களே பாதிக் குறிப்பு.

நடிப்பது, வரைவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டம்ப் ஷெராட்ஸ் ஆடாத சென்னைக் கல்லூரி இருக்காது, அது பெரும்பாலும் சினிமாப் பெயர்களோடு நின்றுவிடும். சொல்லை வைத்து நடிக்க வேண்டும் என்றால் உடம்பில் தெரிகிற சொல்லாக எடுங்கள்: பொறாமை நடிக்கலாம், விக்கல் நடிக்கலாம், நிர்வாகம் நடிக்க முடியாது. வரைவதற்கு நம் ஊர்ப் பேட்டைப் பெயர்கள் நல்ல தீனி. ஆயிரம் விளக்கை யாரும் வரைந்துவிடுவார்கள். சிந்தாதிரிப்பேட்டைக்கு எங்கள் மாடியில் ஒருவர் குட்டியாக ஒரு தறியை வரைந்தார். 1730-களில் கிழக்கிந்திய கம்பெனி நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம், ‘சின்னத் தறிப் பேட்டை’ திரிந்து வந்த பெயர் என்று சொல்வார்கள். வரைந்தவருக்கு அது தெரிந்திருந்தது, பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. தோற்றுப்போனார், ஆனாலும் அந்த ராத்திரியின் சிறந்த படம் அதுதான்.

தடைச்சொல் விளையாட்டைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். 1989-இல் வந்த ‘டேபூ’வில் ஒவ்வொரு அட்டையிலும் விடைக்குக் கீழே சொல்லக் கூடாத ஐந்து சொற்கள் இருக்கும். அங்கே விடையை எவ்வளவு சுலபமாக வைத்தாலும் பரவாயில்லை, கஷ்டத்தைத் தடைப் பட்டியலே பார்த்துக்கொள்ளும். ‘இட்லி’க்கு மாவு, சாம்பார், சட்னி, ஆவி, வெள்ளை என்று ஐந்தையும் பூட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் பத்து வினாடி திணறிய ஒருவர் கடைசியில் “குஷ்பு!” என்றார், கூட்டம் முழுக்க ஒரே குரலில் “இட்லி!” தமிழில் ஆடும்போது ஒரு விதி கூடுதலாக வேண்டும்: விடையின் வேரும் தடை. இல்லாவிட்டால் ‘ஓட்டப்பந்தயம்’ என்பதற்கு ‘ஓடறது’ என்று சொல்லிவிட்டுத் தான் விதியை மீறவில்லை என்று சாதிப்பார்கள்.

தாப்பா வழக்குக்கு வருகிறேன். துடைப்பத்தைத் தொடப்பம் என்கிறோம், அரிவாள்மனையை அருவாமனை என்கிறோம், புடவையைப் பொடவை என்கிறோம். வாயால் ஆடும் விளையாட்டில் வாய் வழக்கை ஏற்கத்தான் வேண்டும், இல்லையென்றால் ஊகம் சொல்லும் ஒவ்வொருவரும் செய்தி வாசிப்பவர் மாதிரிப் பேச வேண்டியிருக்கும். எழுத்தால் ஆடும்போது எழுத்து வழக்குதான் செல்லும், தா-ப்-பா மூன்று கட்டத்தில் அடங்கிவிடும், பலகையில் ஐந்து கட்டம் இருக்கும், அங்கே பேச்சே இல்லை. இந்த விதியை டப்பா மூடியின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டேன். எதிரணி ஒரு திருத்தம் கேட்டது: விதி இனிமேல்தான் அமலுக்கு வரும், பழைய ஆட்டத்துக்குப் பொருந்தாது. அக்கா பையனுக்கு அந்த ஒரு மார்க்கு இன்னும் பாக்கி.